லோயரிங் ஸ்பிரிங்: பழைய ஷாக் அப்சார்பரோடு போடலாமா? ஓட்டம் எப்படி இருக்கும்?

வளைவுப்பிரியன்:

வணக்கம். என்னுடையது முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் சட்டம்). 80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பர்கள் வண்டியோடு வந்தவைதான், கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது, வளைவில் வண்டி சாய்வதும் பிடிக்கவில்லை.

ஷாக்கையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டுமா? பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வீட்டிலேயே மாட்ட முடியுமா? ஜாக், ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கின்றன. நண்பர் ஒருவர், "இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடு, எதற்கு வெட்டிச் செலவு" என்கிறார். அதையும் கேட்டு வைக்கிறேன்.

நாலுசக்கரம்:

தினமும் ஓட்டும் வண்டி என்றால் விட்டுவிடுங்கள் ப்ரோ. என்னிடம் 45 மி.மீ. இறக்கிய வண்டி ஒன்று இருந்தது. நிறுத்திவைத்துப் பார்க்க அம்சமாக இருக்கும். ஓட ஆரம்பித்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பேனர்சாமி:

நாலுசக்கரம் சொல்வது 45-க்குச் சரி. 30-க்கு அப்படியே பொருந்தாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவோம், வெறும் பெருக்கல்தான்.

ஸ்பிரிங் மாற்றியதும் "வண்டி கட்டையாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பழியை ஸ்பிரிங் மேல் போடுகிறார்கள். பெரும்பாலும் அது பம்ப் ஸ்டாப்பின் வேலை. ஷாக் தண்டில் மாட்டியிருக்கும் அந்த மஞ்சள் அல்லது கறுப்பு நுரைக்கட்டைதான் பம்ப் ஸ்டாப். உதாரணத்துக்கு, உங்கள் வண்டி நிற்கும் உயரத்திலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொட 80 மி.மீ. இருக்கிறது, ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வையுங்கள். 80 பெருக்கல் 20, அதாவது கூடுதலாக 1,600 நியூட்டன் வந்தால்தான் ஸ்டாப்பில் இடிக்கும். இப்போது 30 மி.மீ. இறக்கி, ஸ்பிரிங்கை 25 சதவீதம் கடினமாக்குகிறோம். மிச்சம் 50 மி.மீ., ஸ்பிரிங் 25 நியூட்டன். பெருக்கினால் 1,250. ஸ்பிரிங் கடினமான பிறகும் முன்பைவிடச் சீக்கிரமே ஸ்டாப்பில் போய் உட்காருகிறது! அதைச் சரிக்கட்ட ஸ்பிரிங் 60 சதவீதம் கடினமாக இருக்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு அதை யாரும் விற்கமாட்டார்கள், விற்றாலும் வாங்காதீர்கள்.

அதனால்தான் நல்ல செட்டுகளில் பம்ப் ஸ்டாப்பை இத்தனை மில்லிமீட்டர் வெட்டு என்று குறிப்பு இருக்கும், அல்லது குட்டையான ஸ்டாப்பே கூட வரும். மேலே சொன்ன கணக்கில் 15 மி.மீ. வெட்டினால் 65 பெருக்கல் 25, கிட்டத்தட்ட பழைய 1,600-க்கே வந்துவிடுகிறோம். ஆனால் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. கட்டை குட்டையானால் கடைசி இடி கடினமாகும், ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் மோதும். குறிப்பில் வெட்டச் சொல்லவில்லை என்றால் கத்தியை எடுக்கவே வேண்டாம்.

பின்சீட்டு விஷயமும் இதே கணக்குத்தான். மூன்று பேர் ஏறினால் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 80 கிலோ, அதாவது 800 நியூட்டன். பழைய ஸ்பிரிங் 40 மி.மீ. அமுங்கும், இன்னும் 40 மிச்சம். புதியது 32 மி.மீ. அமுங்கும், மிச்சம் 18. ஓடும், ஆனால் பள்ளத்தில் டொக் என்று கேட்கும். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் ஆட்கள் ஏறுகிறார்கள் என்றால் சமாளிக்கலாம். தினமும் என்றால் 20 மி.மீ. செட் தேடுங்கள்.

இனி ஷாக். ஸ்பிரிங் 25 சதவீதம் கடினமானால் அதை அடக்கத் தேவையான டேம்பிங் வர்க்கமூலக் கணக்கில்தான் ஏறும், சுமார் 12 சதவீதம். நல்ல நிலையில் இருக்கும் ஷாக் அதைத் தாங்கும். 80,000 கி.மீ. பார்த்த ஷாக்கிடம் அதை எதிர்பார்ப்பது பேராசை. கசிவு இல்லை என்பது தெம்பாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. உள்ளே எண்ணெயும் வால்வும் மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கும், கூடவே ஓட்டுகிற நமக்குத் தெரியாது. கடினமான ஸ்பிரிங்கும் தளர்ந்த ஷாக்கும் சேர்ந்தால் வண்டி ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் தலையாட்டிக்கொண்டே போகும். எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றப் போகிறீர்கள். சேர்த்தே மாற்றிவிடுங்கள். இறக்கிய வண்டிக்கென்றே உடல் குட்டையாகச் செய்தவை உண்டு. பில்ஸ்டைனில் பி8 அந்த வகை, பி6 சாதாரண உயரத்துக்கானது. கோனியின் மஞ்சள் ஸ்போர்ட் ஷாக்கில் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவதை அடக்கும் விசையை, திருகிக் கூட்டிக்கொள்ளலாம்.

நண்பரின் யோசனைக்கு வருவோம். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும், உண்மைதான். நிஜ லோயரிங் ஸ்பிரிங்கில் கம்பியையே தடிமனாக்கியும் இதைச் செய்வார்கள். தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கடினம் ஏறும் என்பதால் 12 மி.மீ. கம்பியை 12.7 ஆக்கினாலே 25 சதவீதம் வந்துவிடும். வெட்டுவதில் சிக்கல் கடினத்தில் இல்லை. தட்டில் உட்கார வேண்டிய நுனியின் வடிவம் போய்விடும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டிலேயே தளர்ந்து ஆடும், திரும்ப எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. நல்ல செட்டில் மெல்லிய சுற்றுகளை நெருக்கி வைப்பது இதற்காகவும்தான். வெட்ட வேண்டாம். அனல் காட்டி இறக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஓட்டம்: திருப்பினால் மூக்கு சட்டென்று திரும்பும், வேகத்தில் மிதப்பு குறையும், பிரேக்கில் முன்பக்கம் குனிவதும் குறையும். சாய்வு குறையும், ஆனால் நீங்கள் கனவு காணும் அளவுக்கு இல்லை. ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியை இறக்கும்போது எடைமையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடும், சாய்க்கும் நெம்புகோல் நீளும். ஸ்பிரிங்கின் லாபத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். அதிகம் இறக்கினால் அதிகம் நன்றாகத் திரும்பும் என்பதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். சாய்வுதான் உங்கள் முதல் எரிச்சல் என்றால் தடிமனான ஆன்டி ரோல் பாரையும் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) யோசியுங்கள்.

இரவுப்பயணி:

சாமி விட்டது ஒன்று: ஹெட்லைட். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காது, ஒளி மேலேயோ கீழேயோ போய்விடும். சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். தானாக உயரம் மாற்றும் விளக்கு, முன்கண்ணாடியில் கேமரா இருக்கிற வண்டி என்றால் அளவுகளைப் புதிதாகப் பதிய வைக்க வேண்டியிருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் பின் அச்சோடு இணைத்த பிரேக் வால்வு ஒன்று உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் சுமை ஏறிவிட்டது என்று அது நினைத்துப் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். உங்களுடையதில் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள். இறக்கிய விவரத்தை இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.

வளைவுப்பிரியன்:

நன்றி சாமி அண்ணா, இரவுப்பயணி. ஷாக்கோடு சேர்த்தே வாங்குகிறேன். பின்சீட்டில் ஆள் ஏறுவது எப்போதாவதுதான், அதனால் 30-லேயே நிற்கிறேன். நானே மாட்ட முடியுமா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஸ்பேனர்சாமி:

பின்பக்கம் தாராளமாக. டார்ஷன் பீமில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருந்தால் ஷாக்கின் அடிபோல்ட்டைக் கழற்றி பீமை ஜாக்கில் மெல்ல இறக்கினாலே ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் யோசித்துச் செய்ய வேண்டியது தம்பி. 20 நியூட்டன் ஸ்பிரிங்கை 100 மி.மீ. அமுக்கினால் உள்ளே 2,000 நியூட்டன், 200 கிலோ எடைக்குச் சமம், உங்கள் முகத்துக்கு நேரே. ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரசரின் கொக்கிகளை எதிரெதிரே மாட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து சுற்றுவதைப் பார்க்காமல் மேல்நட்டைத் தொடாதீர்கள். மலிவான கொக்கி கம்ப்ரசர் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்குங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, நானே அப்படிச் செய்வதுண்டு. புதிய ஷாக்கின் தண்டு நட்டில் இம்பாக்ட் கன் வேண்டாம். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குங்கள். ஸ்பிரிங் நுனி தட்டின் பள்ளத்தில் போய் முட்டியிருக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் டாப் மவுண்ட்டும் பேரிங்கும் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் திருப்பும்போது டங் டங் என்று கேட்டு, சத்தம் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

பலர் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் உள்ள புஷ்ஷில் ரப்பர் உலோகத்தோடு ஒட்டியிருக்கும், அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். வண்டி 30 மி.மீ. இறங்கியதும் அந்த ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். எனவே அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் சுமையைத் தாங்கி நிற்கும் நிலையில், கம்பெனி சொன்ன டார்க்கில் திரும்ப இறுக்குங்கள். பின்பீமின் புஷ்ஷுக்கும் இதே முறை.

அலைன்மென்ட்டை உடனே ஒரு முறை பார்த்துவிட்டு, சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி பாருங்கள். கேம்பர் கொஞ்சம் நெகட்டிவ் பக்கம் போயிருக்கும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்), அதைப் பார்த்துப் பதறாதீர்கள். டயரைச் சீக்கிரம் தின்பது டோதான் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), அதில் மட்டும் கறாராக இருங்கள்.