சோர்ஸஸ் அட்டவணை உருவாகிறது, ஆனால் மூலப் பொதிகளை இறக்கும்போது 404 வருகிறது

கேள்வி:

வணக்கம். எங்கள் குழுவுக்காக டெபியன் லினக்ஸுக்கான மென்பொருள் பொதிகளை வைக்கும் ஒரு சிறிய களஞ்சியத்தைப் பராமரித்து வருகிறேன். இருமப் பொதிகளை நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை. மூல நிரல் கொண்ட மூலப் பொதிகளையும் தர விரும்பி, பொதிகள் இருக்கும் பூல்/மெயின் அடைவுக்குள் சென்று, மூலப் பொதிகளின் அட்டவணையை உருவாக்கும் டிபிகேஜி-ஸ்கேன்சோர்ஸஸ் கட்டளையை இயக்கி, அதன் வெளியீட்டை அட்டவணைகள் இருக்கும் டிஸ்ட்ஸ் அடைவின் கீழ் மெயின்/சோர்ஸ்/சோர்ஸஸ் என்ற கோப்பாக வைத்தேன். பிறகு அட்டவணைகளின் சரிபார்ப்புத் தொகைகளைக் கொண்ட ரிலீஸ் கோப்பை உருவாக்கிக் கையொப்பமும் இட்டாயிற்று. பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்டில் ‘ஆப்ட் அப்டேட்’ பிழையின்றி முடிகிறது. ஆனால் ‘ஆப்ட்-கெட் சோர்ஸ் ஹலோ’ என்று கொடுத்தால் எல்லாக் கோப்புகளுக்கும் 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வருகிறது. கோப்புகளோ வழங்கியில் இருக்கின்றன, உலாவியில் திறக்கவும் செய்கின்றன. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:

சோர்ஸஸ் கோப்பைத் திறந்து ‘டைரக்டரி’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதில் ‘எச்/ஹலோ’ என்று மட்டுமே இருக்கும். இருக்க வேண்டியது ‘பூல்/மெயின்/எச்/ஹலோ’. மூலப் பொதிகளின் இடத்தை ஆப்டுக்குச் சொல்லும் டெப்-எஸ்ஆர்சி வரியில் நீங்கள் தந்த வேர் முகவரியோடு இந்தப் பாதையைச் சேர்த்துத்தான் ஆப்ட் கோப்பைக் கேட்கிறது. அட்டவணை எந்த அடைவில் கிடக்கிறது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. ஆகவே பூல், டிஸ்ட்ஸ் இரண்டும் ஒன்றாகத் தெரியும் வேர் அடைவில் நின்று, பூல்/மெயின் என்ற பாதையைக் கொடுத்துக் கட்டளையை இயக்குங்கள். பாதை முன்னொட்டைத் தனியாகத் தரும் வசதியும் அந்தக் கட்டளைக்கு உண்டு என்றாலும், அடைவுகளை இடம் மாற்றும் நாளில் அதைத் திருத்த எவருக்கும் நினைவிருக்காது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டவணை மாறியவுடன் சுருக்கிய வடிவத்தையும், அதன் பின் ரிலீஸ் கோப்பையும், கடைசியாகக் கையொப்பத்தையும் இதே வரிசையில் புதுப்பியுங்கள். வரிசை பிசகினால் ரிலீஸில் பழைய சரிபார்ப்புத் தொகையே நிற்கும், ஆப்ட் அப்டேட்டே தோற்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி, ஹலோ 2.10-1 முழுமையாக இறங்கிவிட்டது. ஆனால் அடுத்த திருத்தமான 2.10-2-ஐ வேறொரு களஞ்சியத்தில் ஏற்றி அட்டவணை எடுத்தேன். அங்கே மூலப் பொதியை விவரிக்கும் டிஎஸ்சி கோப்பும், டெபியன் மாற்றங்கள் கொண்ட டெபியன் டார் கோப்பும் வருகின்றன, அசல் மூல நிரல் கொண்ட ஒரிஜ் டார் கோப்புக்கு மட்டும் 404. இம்முறை ‘டைரக்டரி’ வரி சரியாகவே இருக்கிறது.

பதில் 2:

இம்முறை கோப்பே அங்கே இருக்காது. டிபிகேஜி-ஸ்கேன்சோர்ஸஸ் டிஎஸ்சி கோப்புகளை மட்டுமே படிக்கிறது: டார் கோப்புகளின் பெயர், அளவு, சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றை டிஎஸ்சியில் உள்ளபடியே எடுத்து எழுதி, டிஎஸ்சியின் தொகையை மட்டும் தானே கணக்கிட்டுச் சேர்க்கிறது. அந்த டார் கோப்புகள் உண்மையில் பூலில் உள்ளனவா என்று அது பார்ப்பதில்லை; அதனால்தான் எச்சரிக்கை ஏதும் வரவில்லை.

கோப்பு விடுபட்டதற்குக் காரணம், பொதியைக் கட்டும் கட்டளையான டிபிகேஜி-பில்டுபேக்கேஜின் இயல்பு நடத்தை. மூல வெளியீட்டு எண் (இங்கே 2.10) மாற்றப் பதிவேட்டின் முந்தைய பதிவிலிருந்து மாறாமல் டெபியன் திருத்த எண் மட்டும் உயர்ந்தால், ஒரிஜ் டார் ஏற்கெனவே களஞ்சியத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, ஏற்ற வேண்டிய கோப்புகளைப் பட்டியலிடும் சேஞ்சஸ் கோப்பில் அதைச் சேர்க்காது. புதிய களஞ்சியத்துக்கு முதன்முறையாக ஏற்றும்போது ‘-எஸ்ஏ’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஒரிஜ் டாரும் உடன் செல்லும்.

இப்போதைக்கு அந்த ஒரே கோப்பைப் பழைய களஞ்சியத்திலிருந்து அப்படியே நகலெடுத்து வைத்தால் போதும், அட்டவணையை மீண்டும் எடுக்கத் தேவையில்லை. மூல நிரலை நீங்களே புதிதாக டார் செய்து அதே பெயரில் வைத்துவிடாதீர்கள். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் நேர முத்திரையோ கோப்புகளின் வரிசையோ மாறினாலே சரிபார்ப்புத் தொகை மாறிவிடும், 404-க்குப் பதிலாகத் தொகை பொருந்தவில்லை என்ற பிழை வந்து நிற்கும்.