ஞாயிறு அழகர்மலை: பஸ்ஸா, நடையா?

கார்த்தி: ஞாயிறு அழகர்கோவில் உறுதிதானே? மேலே ராக்காயி அம்மன் வரைக்கும் பஸ் போகிறது, எதற்குச் சித்தப்பா நடை?

சேகர் சித்தப்பா: பஸ்ஸில் ஏறினால் நேரே நூபுர கங்கைச் சுனை, குளித்துவிட்டு இறங்கிவிடுவாய், மலையை எப்போது பார்ப்பது? ரோட்டோரமாகவே நடப்போம், நிழல் இருக்கும். காட்டுக்குள் மட்டும் யாரும் இறங்க வேண்டாம், காப்புக்காடு.

லட்சுமி அத்தை: என் முழங்காலுக்கு நடை ஆகாது, நான் பஸ்ஸில் சோலைமலை முருகன் கோவிலுக்கு வந்துவிடுகிறேன். ஆனால் யாராக இருந்தாலும் கீழே பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

மீனா அக்கா: அங்கே கதவு மூடியேதானே அத்தை இருக்கும்?

லட்சுமி அத்தை: கதவுதான்டி சாமி. அழகரின் சக்தியைக் கொண்டுபோக மலையாள நாட்டிலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளை அந்தப் படிகளுக்குக் கீழே புதைத்து, கருப்பனைக் காவல் வைத்ததாக அப்பா சொல்வார். சித்திரைக்கு அழகர் மதுரை கிளம்பும்போது எடுத்துப்போகும் நகைக்கெல்லாம் அவன் முன்னால்தான் பட்டியல் வாசிப்பார்கள்.

கார்த்தி: அப்போ கருப்பன்தான் ஆடிட்டர் 😄

லட்சுமி அத்தை: வாயைக் கழுவு முதலில்.

மீனா அக்கா: சின்னவளிடம் ஔவையார் கதையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன், சுட்ட பழம்தான் வேண்டுமாம். சோலைமலையில் இருக்கிற அந்த ஔவையார் மரத்தில் இப்போது நாவல்பழம் இருக்குமா?

லட்சுமி அத்தை: ஊரில் மற்ற மரமெல்லாம் ஆடியில் பழுத்தால் அந்த மரம் ஐப்பசியில், சஷ்டி சமயத்தில் பழுக்கும் என்பார்கள். கடையில் கால் கிலோ வாங்கி மண்ணில் போட்டுக் கொடு, ஊதித் தின்னட்டும்.

சேகர் சித்தப்பா: சரி, என் கோரிக்கை ஒன்று. திரும்பும்போது மலையின் அந்தப் பக்கம், கிடாரிப்பட்டி வழியாகப் போவோம். பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரில் சொல்கிறார்களே, அது சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கை, 2000 வருடப் பழைய தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்ததே, கொடுத்தவர்கள் பட்டியலில் மதுரை உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், அதாவது வெல்லப்பாகு விற்றவன், இப்படி வரிசையாக வியாபாரிகள்! நம் கீழமாசி வீதிக்காரர்கள் சேர்ந்து சத்திரம் கட்டிக் கொடுத்த மாதிரி.

கார்த்தி: கொழு என்றால்?

சேகர் சித்தப்பா: ஏர்க்கொழுடா, கலப்பையின் இரும்பு முனை. தாத்தா வீட்டுப் பரணில் இன்னமும் கிடக்கிறது.

மீனா அக்கா: பிள்ளைகளோடு அங்கே ஏற முடியுமா?

சேகர் சித்தப்பா: பாறைதான், வெயிலுக்கு முன்னால் போனால் ஏறிவிடலாம். குகையிலேயே சுனை இருக்கிறது. அப்படியானால் கிடாரிப்பட்டியை முதலில் வைத்துக்கொள்வோம், அழகர்கோவில் அப்புறம்.

லட்சுமி அத்தை: கருப்பனைக் கும்பிடாமலா?

சேகர் சித்தப்பா: அக்கா, அது மலைக்கு மறுபக்கம், கோபித்துக்கொள்ள மாட்டான்.

லட்சுமி அத்தை: நீயே கேட்டுக்கொள். குரங்கு இருக்கிறது, கையில் பை தொங்கவிட்டு வராதீர்கள். சாப்பாடு கட்ட வேண்டாம், கோவில் தோசை வாங்கிக்கொள்ளலாம்.

கார்த்தி: ஆறு மணிக்குப் புதூர் பஸ் ஸ்டாப். வராதவர்களுக்குத் தோசை கிடையாது.