புரூஸ் ஃபோர்சைத்தை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹாரோ மல்லிகை

பிரிட்டிஷ் டிவியின் பழம்பெரும் தொகுப்பாளர், நீண்ட தாடைக்காரர் புரூசி யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2008, அவர் தொகுத்து வழங்கிய ஸ்ட்ரிக்ட்லி நடனப் போட்டி, லண்டன் வைட் சிட்டியில் இருந்த பிபிசியின் பழைய டெலிவிஷன் சென்டர். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் சனிக்கிழமை ஆனால் போதும், "தாடைக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் நேரடி ஒளிபரப்பு முடிந்ததும் அதே ராத்திரியில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியையும் எடுத்து வைத்துவிடுவார்கள், ஞாபகம் இருக்கும். நடுவில் நேயர்களின் ஓட்டை எண்ணும் நேரம். கேமராக்கள் நின்றுவிட்டன. எண்பது வயது மனிதர், உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

அம்மா கட்டியிருந்தது மாம்பழக் கலர் பட்டு. அதைப் பார்த்தவர், ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். குடும்பத்தினர் ஜோடியாகப் போட்டியிடும் அவருடைய பழைய ஜெனரேஷன் கேமில், உடன் வரும் ஆந்தியா ரெட்ஃபெர்னின் கவுனை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வாரே, அந்த விரல். அம்மாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பின்னால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்கிறார் போலிருக்கிறது என நினைத்து எழுந்து பின்வரிசையைப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பிப் பக்கவாட்டில் பார்த்தாள், அங்கேயும் இல்லை, அப்படியே முன்பக்கம் வந்து நின்றாள். ஒரு முழுச் சுற்று! அரங்கமே கைதட்டியது. அவர் இடுப்பு வரை குனிந்து ஒரு வணக்கம் போட்டார்.

உறுத்தல் என்னவென்றால், இதற்குச் சாட்சியே கிடையாது. கேமரா ஓடவில்லை, ஃபோனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். ஊரில் அம்மா சொன்னால் "சரி சரி" என்று தலையாட்டுகிறார்களாம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாராவது உண்டா?

பழைய லண்டன்காரன்

நல்ல கதை தங்கச்சி. ஆனால் நீங்கள் பார்த்தது கடைசிக் காலத்துப் புரூஸ். பகிடி கைநழுவிப் போனால், நழுவியதையே இன்னொரு பகிடியாக்கி ஒப்பேற்றிய காலம். நான் 1974இல் கணக்கியல் படிக்க வந்தவன். அப்போது சனிக்கிழமை பின்னேரம் தெருவில் ஆள் இராது. ஜெனரேஷன் கேமை இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள் என்பார்கள். என் வீட்டுக்காரக் கிழவி அந்த நேரம் வாடகைக் காசு கொண்டுபோய்க் கொடுத்தால்கூட வாங்க மாட்டாள்.

ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் பிபிசியின் தியேட்டர், அங்கே அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பார்க்கப் போயிருந்தேன். குயவர் ஒருவர் வந்து சக்கரத்தைச் சுற்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாடியைச் செய்து வைத்துவிட்டுப் போனார். அடுத்தது போட்டிக்கு வந்தவர்களின் முறை. ஒரு வயதானவரும் அவருடைய மகளும். அவர் கையை வைத்ததும் களிமண் சக்கரத்தை விட்டுக் கிளம்பி மேசையெல்லாம் சேறு. புரூஸ் திட்டவும் இல்லை, உதவிக்குப் போகவும் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி ஒரு கேமராவைப் பார்த்தார். அவ்வளவுதான், சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

நான் இருந்தது ஓர் ஓரத்தில். கேமராக்கள் எல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தன. எந்தக் கேமராவின் படம் போகிறதோ அதில் சிவப்பு விளக்கு எரியும், அது எதில் எரிகிறது என்று அந்த மனிதர் தேடவே இல்லை. அவர் திரும்பிய இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர் திரும்பப் போகிறார் என்று உள்ளே இருந்த இயக்குநருக்குத் தெரியுமா, எந்த விளக்கு எரியும் என்று இவருக்குத் தெரியுமா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என் மனைவி இன்னும் பழசு. 1961இல் நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் நடந்தபோது, லண்டன் பல்லேடியம் தியேட்டரின் ஞாயிறு நிகழ்ச்சியை இவரும் நகைச்சுவை நடிகர் நோர்மன் விஸ்டமும் இரண்டே பேராக நின்று நடத்தியதை ரீவியில் பார்த்தவள். அவளைக் கேட்டால் நான் பார்த்ததும் கடைசிக் காலம்தான்.

சரே இரவு வேலை

90களின் நடுவில். வேர்ஜினியா வாட்டர் பக்கம் ஒரு பெற்றோல் செட். அந்தக் காலத்தில் நம்மாட்களில் பாதிப் பேருக்கு அதுதானே வேலை. அன்று பட்ஜெட் நாள். பின்னேரம் ஆறு மணிக்கு வரி ஏறும் என்று அதற்கு முதலே நிரப்பிக்கொள்ள வரிசை. ஆறு அடித்ததும் முதலாளி டெலிபோனில்: "விலையை மாத்து."

நீளத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தூறல். பலகையில் இருந்த பழைய இலக்கத்தைக் கழற்றியாயிற்று, புதியது தடி நுனியில் ஆடிக்கொண்டிருக்கிறது. வாசலில் ஒரு பெரிய கார் வேகம் குறைத்தது. பின் கண்ணாடி இறங்கியது. தொப்பி, தொப்பிக்குக் கீழே அந்தத் தாடை. இலக்கம் இல்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டை விரலை மேலே காட்டினார், கீழே காட்டினார், புருவத்தைத் தூக்கினார்.

அவர் ரீவியில் நடத்திய சீட்டு விளையாட்டு, பிளே யுவர் கார்ட்ஸ் ரைட் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த சீட்டு மேலேயா, கீழேயா? நான் விரலை மேலே காட்டினேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. ஒரு சொல் கதைக்கவில்லை, பெற்றோலும் அடிக்கவில்லை.

அவர்தானா? வீடு வென்ட்வொர்த் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் என் மனைவி, தாடை நீண்ட எந்த வெள்ளைக்காரனும் எனக்குப் புரூஸ்தான் என்கிறாள்.

டிக்கெட் மாமா

நான் அவரைப் பார்த்ததில்லை. பல்லேடியத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் பாண்டோமைம் நாடகம் பார்க்கப் போனேன். அவருடைய அஸ்தியை 2018இல் அந்த மேடைக்கு அடியில்தான் வைத்தார்கள். இதைப் பேத்தியிடம் சொன்னதும், "அப்போ அவர் மேலயா எல்லாரும் குதிக்கிறாங்க?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சரி, மல்லிகை டெலிவிஷன் சென்டருக்குப் போனதைப் படித்ததும் நாலு விஷயம் சொல்லத் தோன்றியது. ஸ்ட்ரிக்ட்லி 2013லேயே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுக்கு மாறிவிட்டது, பழைய ஞாபகத்தில் வைட் சிட்டியில் போய் நிற்காதீர்கள். டிக்கெட் இலவசம், குலுக்கலில்தான் கிடைக்கும். யாராவது காசுக்கு விற்றால் அது மோசடி. பொதுவாக இந்த மாதிரிப் பதிவுகளுக்கு நாற்காலியை விட அதிகமாக டிக்கெட் கொடுப்பார்கள், வராமல் போகிறவர்கள் நிறைய என்பதால். ஆகவே கையில் டிக்கெட் இருந்தாலும் உள்ளே போவது நிச்சயமில்லை, சீக்கிரமே போய் வரிசையில் நிற்க வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். அப்பா பெயரை முன்னால் போடுகிற நம் பழக்கத்தால் வாசலில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே எதுவும் தின்ன விடமாட்டார்கள். தண்ணீரைக் குறைவாகக் குடியுங்கள், நடுவில் எழுந்து போனால் உங்கள் இடத்தில் வேறு ஆள் இருப்பார். பெரிய பை வேண்டாம். வெளியே நிற்கும்போது குளிரும், ஸ்டுடியோவுக்குள்ளும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.

கிராய்டன் கோமதி

மாமா, இங்கே யாரும் டிக்கெட் கேட்கவில்லையே!

எனக்கு நடந்தது வேறு மாதிரி. 2009 அக்டோபர் விவகாரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்ட்ரிக்ட்லி நடனக்காரர் ஒருவர், அம்மா வழியில் இந்தியரான தன் ஜோடியை, தெற்காசியர்களை இழிவுபடுத்தும் அந்த நான்கெழுத்து இங்கிலீஷ் வசவால் அழைத்தார் என்று செய்தி வந்தது. அதைப் பற்றி ரேடியோவில் பேசும்போது புரூஸ், இதையெல்லாம் கொஞ்சம் நகைச்சுவையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பாணியில் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைக்கே ஓர் அறிக்கை: இனத்தைக் குறித்து இழிவாகப் பேசுவதை ஒருபோதும் ஏற்க முடியாது என்று. இரண்டையும் நான் படித்தேன்.

எங்களுக்கு அந்த சீசனில் டிக்கெட் கிடைத்திருந்தது. அதே வசவை ஸ்கூல் பஸ் நிறுத்தத்தில் வாங்கி வளர்ந்தவள் நான். போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. அப்பா, "அவர் காலத்து மனுஷன்மா, விடு" என்றார். போனோம். இடைவேளையில் அவர் நடைபாதை ஓரமாகக் கையை நீட்டியபடி வந்தார், எல்லாரும் பாய்ந்து பாய்ந்து பிடித்தார்கள். என் முறை வந்தது. கையைக் கொடுத்தேன். உலர்ந்த, கனமே இல்லாத கை. கொடுத்தது சரிதான் என்று சில நாள் தோன்றும், ஏன் கொடுத்தேன் என்று சில நாள் தோன்றும். அப்பா ஜாலியாக வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டார்.

மல்லிகை அக்கா, உங்கள் அம்மா கதை பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் "லைக்" மட்டும் போட மனசு வரவில்லை.

பிரிஸ்டல் பையன்

2013 கிளாஸ்டன்பரி இசை விழா, புரூஸின் மேடை. ஆளுக்கு 85 வயது. அவலான் கூடாரம் நிரம்பி வழிந்ததில் எங்களால் உள்ளே நுழையவே முடியவில்லை, ஆகவே "பார்த்தேன்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேன்வாஸ் சுவருக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளிருந்து "நைஸ் டு சீ யூ" என்று அவர் குரல், அவருடைய பேர்போன வசனம். அதற்குப் பதில் உள்ளே இருந்து மட்டும் வரவில்லை, வெளியே இருந்த எங்களிடமிருந்தும் வந்தது: "டு சீ யூ, நைஸ்!" ஜெனரேஷன் கேமைப் பார்த்தே இராத வயசு எல்லாருக்கும். என் நண்பன் அயர்லாந்துக்காரன், அவனும் கத்தினான். எங்கே கற்றுக்கொண்டாய் என்றால் அவனுக்கே தெரியவில்லை.

பழைய லண்டன்காரர் ஐயா, "கடைசிக் காலம்" என்று நீங்கள் ஒதுக்குகிற ஸ்ட்ரிக்ட்லி மட்டுமே பத்து வருஷம். அந்த மனிதர் 1942இல், பதினாலு வயசில், பில்ஸ்டன் தியேட்டரில் "மைட்டி ஆட்டம்" என்ற பட்டத்தோடு மேடை ஏறியவர். பல்லேடியம் கூப்பிட்டது 1958இல். நடுவில் பதினாறு வருஷம் அலைச்சல், லண்டன் விண்ட்மில் தியேட்டர் உட்பட. உச்சியில் இருந்தபோது பிபிசியை விட்டுப் போட்டிச் சேனலான ஐடிவிக்குப் போய் 1978இல் "பிக் நைட்" நிகழ்ச்சியை நடத்தினார், மண்ணைக் கவ்வியது. 2001இல் அவருடைய பிரைஸ் இஸ் ரைட் போட்டி நிகழ்ச்சி முடிந்ததும் கதை முடிந்தது என்றார்கள். 2003இல் ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ என்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சிக்கு ஒரு நாள் விருந்தாளித் தொகுப்பாளராகப் போய், அமெரிக்கா தேடிய ஈராக்கியர்களின் படம் போட்ட ஈராக் போர்ச் சீட்டுக்கட்டை வைத்துத் தன் பழைய சீட்டு விளையாட்டையே நடத்திக் காட்டினார். அடுத்த வருஷம் ஸ்ட்ரிக்ட்லி. 2011இல்தான் சர் பட்டம். எனக்கு இந்த இறக்கங்கள்தான் பிடிக்கும். தவிர ஜெனரேஷன் கேமை மிக அதிகம் பேர் பார்த்தது உங்கள் புரூஸ் காலத்தில் இல்லை, அவருக்குப் பிறகு அதை நடத்திய லாரி கிரேசன் காலத்தில்.

பழைய லண்டன்காரன்

தம்பி, அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். 1979இல் ஐடிவியே வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தது. மற்றப் பக்கம் திருப்பினால் திரையில் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமைகளில் வானிலை அறிக்கையை விட்டிருந்தாலும் சனம் பார்த்திருக்கும். கிரேசன் நல்ல மனிதர், எனக்கும் விருப்பம். ஆனால் அவர் குழப்பத்தில் சிரிக்கவைத்தவர். புரூஸ் அந்தக் குழப்பத்தைக் கையில் பிடித்து வைத்திருந்தவர். நீங்கள் கூடாரத்துக்கு வெளியே நின்றதால் அவர் பார்வையைக் காணவில்லை, குரலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கோமதி சொன்னதை நானும் அப்போது பத்திரிகையில் வாசித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டிக்கெட் மாமா

பெற்றோல் செட் நண்பருக்கு: அப்போதெல்லாம் பட்ஜெட் நவம்பர் கடைசியில்தானே வரும்? மனுஷன் அந்தக் குளிரில் இங்கே ஏன் இருக்கப் போகிறார், மனைவி ஊரான புவேர்ட்டோ ரிக்கோவில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். நீங்கள் பார்த்தது வேறு யாராவதுதான்.

சரே இரவு வேலை

ஐயா, நவம்பர் என்பது சரி. ஆனால் ரீவியில் வாராவாரம் வந்துகொண்டிருந்த ஆள் வருடம் முழுக்கக் கடற்கரையிலா இருந்திருப்பார்? புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்தார் என்பதற்கு உங்களிடமும் ஆதாரம் இல்லை. வேறு யாரோ என்றால், ஒரு பெற்றோல் செட் பெடியனோடு மேலே கீழே விளையாட மழையில் கண்ணாடியை இறக்கியது ஏன்? வென்ட்வொர்த் பக்கம் அந்த வருடங்களில் வேலை செய்தவர்கள் இருந்தால், அவர் எந்த நிறக் காரில் வருவார் என்று மட்டும் சொல்லுங்கள். நான் பார்த்த நிறத்தை இன்னும் எழுதவில்லை, வேண்டுமென்றுதான்.