டிராவே உள்ள ஐந்து வயது மகனுக்கு எபிடியோலெக்ஸ்: கஞ்சா என்று வீட்டில் பயப்படுகிறார்கள், என்ன செய்ய?

லெஸ்டர்_மதுரைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். என் மகனுக்கு ஐந்து வயது. ஆறாவது மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது, நாற்பது நிமிடம் நிற்கவே இல்லை. ஒன்றரை வயதில் மரபணுப் பரிசோதனை செய்து டிராவே சிண்ட்ரோம் என்றார்கள், மருந்துக்கு எளிதில் அடங்காத கடுமையான வலிப்பு நோய். வால்ப்ரோயேட், கிளோபசாம், ஸ்டிரிபென்டால் என்று மூன்று வலிப்பு மருந்தும் கொடுக்கிறோம். அப்படியும் மாதத்துக்குப் பதினைந்து பதினாறு பெரிய வலிப்பு வருகிறது. வெந்நீரில் குளிக்க வைக்க முடியாது, வெயிலில் விட முடியாது, சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகக் குதித்தால்கூட என் கை தானாக, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மருந்து இருக்கும் பையைத் தேடுகிறது.

போன வாரம் கன்சல்டன்ட் (ஆஸ்பத்திரிச் சிறப்பு டாக்டர்) எபிடியோலெக்ஸ் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் மருந்து என்று அவரே சொன்னார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் மாமியார் உட்கார்ந்து அழுதுவிட்டார். "கஞ்சாவால அழிஞ்ச குடும்பம் நம்ம தெருவுலயே இருக்கு, அதைப் பச்சைப் பிள்ளை வாயில ஊத்தப் போறியா" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ராத்திரி முழுக்க அவன் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

கணவர் வேறு மாதிரி சொல்கிறார். எபிடியோலெக்ஸில் இருப்பது சிபிடி என்ற, போதை தராத கஞ்சாப் பொருள்தானே, கடைகளிலேயே சிபிடி எண்ணெய் விற்கிறார்கள், முதலில் அதை வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். இதற்கிடையில் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒருவர், வெறும் சிபிடியால் பிரயோஜனம் இல்லை, கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சியும் சேர்ந்த எண்ணெய்தான் வேலை செய்யும், தனியார் கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று பக்கமும் இழுக்கிறார்கள். வியாழக்கிழமை கன்சல்டன்டிடம் பதில் சொல்ல வேண்டும். யாராவது பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஹாரோ_அக்கா:

தங்கச்சி, என்னுடைய மகளுக்கு இப்ப ஒன்பது வயது. அதே டிராவேதான். 2020இல் எபிடியோலெக்ஸ் தொடங்கினோம். மாதம் இருபதுக்கு மேலே வந்த வலிப்பு ஆறு, ஏழாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. ஆனால் அவள் முதன்முதலாக ஒரு முழுப் பள்ளித் தவணையை ஆம்புலன்ஸ் வராமல் முடித்தாள். அந்தத் தவணைக் கடைசி நாளில் பள்ளி வாசலில் நின்று நான் அழுததைப் பார்த்து, ஏதோ நடந்துவிட்டது என்று மற்றத் தாய்மார் ஓடி வந்தார்கள்.

முதல் மூன்று கிழமை சரியான கஷ்டம். சோற்றுக் கோப்பையில் முகம் வைத்தபடி நித்திரையாகிவிடுவாள். வயிற்றோட்டம் போனது, சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பிள்ளையைப் போதையில் போட்டுவிட்டோம் என்று என்னுடைய அம்மாவும் உங்கள் மாமியார் மாதிரித்தான் அழுதார். டொக்டரிடம் சொன்னோம், அவர் கிளோபசாமின் அளவைக் குறைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தூக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஈரலைப் பார்க்க அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள், வால்ப்ரோயேட்டும் கூட இருக்கிறபடியால் அதைத் தவறவிடக் கூடாது.

மாமியாருக்கு அந்தப் போத்திலை ஒருதரம் திறந்து காட்டுங்கள். ஸ்ட்ராபெரி வாசம் வரும். உள்ளே எள்ளெண்ணெய், அதில் கரைத்த சிபிடி. எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முதலே சொல்ல வேண்டும். என்னுடைய அம்மா அதை விரலில் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, "நல்லெண்ணெயில் கரைச்சிருக்கிறாங்கள்" என்றார். அதற்குப் பிறகு காலையிலும் இரவிலும் சிரிஞ்சில் எடுத்துக் கொடுப்பது அவரே.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கலண்டர் வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டி, வருகிற ஒவ்வொரு வலிப்பையும் சிவப்புப் பேனையால் குறியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்ப்பார்கள், குறைந்தது 30 சதவீதமாவது குறைந்திருந்தால்தான் என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) தொடர்ந்து தரும். கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மருந்தாளுநர்_சிவா:

குழந்தைகள் பிரிவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். உங்கள் பையனைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் கன்சல்டன்ட்தான், நான் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அக்கா சொன்ன தூக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. கிளோபசாம் உடம்பில் உடைந்து இன்னொரு பொருளாக மாறும், அதுவும் தூக்கம் வரவைப்பதுதான். அது வெளியேறுவதை சிபிடி தடுப்பதால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஸ்டிரிபென்டாலும் அதே வேலையைச் செய்யும் மருந்து, அதனால் உங்கள் பையனின் அளவுகளைக் கன்சல்டன்ட் இன்னும் கவனமாகத்தான் பார்ப்பார். அதிகத் தூக்கம் என்றால் உடனே போன் செய்யுங்கள், நீங்களாக எதையும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கடை எண்ணெய் பற்றி அண்ணனுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பையன் 16 கிலோ என்று வையுங்கள். எபிடியோலெக்ஸை கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10 ஆக்குவது வழக்கம். அப்போதே நாளுக்கு 160 மில்லிகிராம். கடையில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சின்னப் பாட்டில் மூன்று நாளுக்கு வரும். நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களே அந்த மாதிரிப் பொருள்களில் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தரத் துறை 2023இல் சொல்லியிருக்கிறது. தவிர, லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். லேபிளும் சரக்கும் ஒத்துப்போனது 31 சதவீதத்தில்தான். 18 பொருள்களில் டிஹெச்சி இருந்தது. போதை தருவது அதுதான். மாமியார் பயப்பட வேண்டியது கன்சல்டன்ட் எழுதும் மருந்துக்கு அல்ல, இந்தப் பாட்டில்களுக்குத்தான்.

டிராவேயில் இது வேலை செய்யுமா என்பதற்கும் சோதனை நடந்திருக்கிறது. 120 குழந்தைகளும் இளம்வயதினரும் அதில் இருந்தார்கள், முடிவு 2017இல் வந்தது. மருந்து எடுத்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் குழந்தைக்கு மாதம் 12.4 ஆக இருந்த பெரிய வலிப்பு 5.9 ஆனது. மருந்தில்லாத வெறும் எண்ணெய் எடுத்தவர்களில் 14.9 இருந்தது 14.1 ஆனது. வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் மருந்துப் பக்கம் 43 சதவீதம், வெறும் எண்ணெய்ப் பக்கம் 27 சதவீதம். இந்த 27ஐ மறந்துவிடாதீர்கள். மருந்தே இல்லாமலும் நாலில் ஒரு குழந்தைக்குப் பாதியாகக் குறைந்ததாகக் கணக்கு வந்திருக்கிறது. டிராவேயில் வலிப்பு தானாகவே ஏறும் இறங்கும், ஒரு நல்ல மாதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் அக்கா சொன்ன கலண்டர் முக்கியம்.

டென்வர்வாசி:

நான் அமெரிக்காவின் கொலராடோவில் பதினாலு வருடமாக இருக்கிறேன். என் அண்ணன் மகளுக்கு வலிப்பு உண்டு, அதனால் இங்கே நடந்ததைக் கிட்டத்தில் பார்த்தவன். சார்லட் ஃபிகி என்ற பெண் குழந்தை, இதே டிராவே. வாரத்துக்கு 300 வலிப்பு வரை வந்துகொண்டிருந்தது. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு, போதை தராத, சிபிடி அதிகமுள்ள ஒரு கஞ்சா ரகத்தின் எண்ணெயைப் பெற்றோர் கொடுத்தார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. 2013 ஆகஸ்டில் சிஎன்என் டிவியில் டாக்டர் சஞ்சய் குப்தா அதைக் காட்டியதும் நாடு முழுவதிலிருந்தும் குடும்பங்கள் வீட்டை விற்று, வேலையை விட்டு இங்கே வந்து இறங்கின. மாநில எல்லையைத் தாண்டி எண்ணெயை எடுத்துப் போனால் மத்தியச் சட்டப்படி குற்றம் என்பதால் திரும்பவும் முடியாமல் இங்கேயே தங்கினார்கள். அப்பா ஒரு மாநிலத்தில் வேலை, அம்மாவும் குழந்தையும் இங்கே என்று பிரிந்து கிடந்த குடும்பங்களும் உண்டு.

அப்போது இங்கே டாக்டர்கள் 75 குழந்தைகளின் பெற்றோர் சொன்னதைத் தொகுத்துப் பார்த்தார்கள், 2015இல் வெளிவந்தது. வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது என்று சொன்னவர்கள், இதற்காகவே ஊர் மாறி வந்த குடும்பங்களில் 47 சதவீதம். ஏற்கெனவே இங்கே இருந்தவர்களில் 22 சதவீதம். இரண்டு பக்கமும் கொடுத்தது இங்கே கிடைத்த கஞ்சா எண்ணெய்தான். வந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அவ்வளவையும் விட்டுவிட்டு வந்த தாய்க்குப் பிள்ளையின் ஒரு நல்ல நாள் எவ்வளவு பெரிதாகத் தெரியும். எங்கள் அண்ணன் மகளுக்கும் முதல் இரண்டு மாதம் குறைந்த மாதிரிதான் இருந்தது. பிறகு குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தோம். குறையவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அண்ணன் அந்தக் குறிப்பேட்டை மூடிவிட்டு யாரோடும் பேசவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெற்றோர்கள் விடாமல் கேட்டிருக்காவிட்டால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தாக இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. 2018 ஜூனில்தான் இங்கே அனுமதி கிடைத்தது. சார்லட் 2020 ஏப்ரலில் 13 வயதில் இறந்துபோனாள். செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதோம், நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கார்டிஃப்_அப்பா:

சிவா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் அந்தச் சோதனை டிராவேக்கு நடந்தது. என் பையனுக்கு வேறு வகை வலிப்பு, எபிடியோலெக்ஸ் அவனுக்கு எழுதவே மாட்டார்கள். நாங்கள் தனியார் டாக்டரிடம் போய், கொஞ்சம் டிஹெச்சியும் உள்ள முழு எண்ணெய் கொடுக்கிறோம். அவனுக்குக் குறைந்தது. கலண்டரில் குறித்து வைத்துத்தான் சொல்கிறேன், பதினெட்டு மாதக் கணக்கு இருக்கிறது. மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகிறது. காரை விற்றாயிற்று, நகையும் போயிற்று.

2018இல் பில்லி கால்ட்வெல் என்ற வலிப்புள்ள பையனின் அம்மா கனடாவிலிருந்து கொண்டுவந்த கஞ்சா எண்ணெயை ஹீத்ரோ விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். சில நாளில் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவிட் அவசர உரிமம் கொடுக்க வேண்டி வந்தது. அதே வாரம் ஆல்ஃபி டிங்லி என்ற இன்னொரு பையனுக்கும் உரிமம் கிடைத்தது. நவம்பர் 1ஆம் தேதி சட்டமே மாறியது. கஞ்சா மருந்தைச் சிறப்பு மருத்துவர்கள் எழுதலாம் என்றார்கள். சரி, எழுதினார்களா? ஆல்ஃபி மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்குத்தான் முழு எண்ணெய் என்எச்எஸ்ஸில் கிடைத்தது. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர்தான், "ஆதாரம் போதாது, நான் கையெழுத்துப் போட முடியாது" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆதாரம் இல்லை என்றால் சோதனை நடத்துங்கள். அதை நடத்தாமல் ஆதாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நாங்கள் எங்கே போவது?

மருந்தாளுநர்_சிவா:

அண்ணா, உங்களோடு சண்டை போட மாட்டேன், சோதனை நடக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். வளரும் மூளையில் டிஹெச்சி வருடக்கணக்கில் என்ன செய்யும் என்ற பயத்தில்தான் குழந்தை மருத்துவர்கள் பின்வாங்குகிறார்கள். அடிக்கடி வலிப்பு வந்தாலும் மூளை பாதிக்கப்படுகிறது என்ற உங்கள் பக்கத்து நியாயமும் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2015இல், முறையான அனுமதி இல்லாத கஞ்சாப் பொருள்களைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை எதிர்த்த அதே அறிக்கையில், உயிரைப் பறிக்கும் நோயோ கடுமையாக முடக்கும் நோயோ இருந்து மற்ற மருந்துகள் உதவாத பிள்ளைகளுக்கு ஒரு வழியாக இருக்கலாம் என்று விட்டுவைத்தது. ஆனால் லெஸ்டர் தங்கச்சியின் பையனுக்கு டிராவே. அவனுக்குச் சோதித்த மருந்து இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் நேராகத் தனியாருக்குப் போவதில் அர்த்தம் இல்லை. இது சரிவராவிட்டால் ஃபென்ஃப்ளூரமின் என்ற இன்னொரு மருந்தும் டிராவேக்கு என்எச்எஸ்ஸில் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

கார்டிஃப்_அப்பா:

அதை ஒத்துக்கொள்கிறேன். டிராவே என்றால் முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை என்ற கோபத்தில் எழுதிவிட்டேன் தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லெஸ்டர்_மதுரைப்பொண்ணு:

ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். கணவரிடம் அந்த மூன்று நாள் பாட்டில் கணக்கைக் காட்டினேன், கடை எண்ணெய்ப் பேச்சை விட்டுவிட்டார். அத்தைக்கு அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். நல்லெண்ணெய் என்ற இடத்தில் "திரும்பப் படி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூங்கி விழுந்தா உடனே டாக்டருக்கு போன் பண்ணணும், நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார். கலண்டர் ஒட்டியாயிற்று. நேற்று ஒன்று, இன்று காலை ஒன்று. கிளோபசாம் அளவு, ரத்தப் பரிசோதனை எப்போது எப்போது, ஃபென்ஃப்ளூரமின் மூன்றையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

ஹாரோ_அக்கா:

சாப்பாட்டோடு கொடுப்பதா, இல்லாமலா என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் ஒவ்வொரு நாளும் அதே மாதிரியே கொடுக்க வேண்டும், மாறி மாறிக் கொடுத்தால் உடம்பில் சேரும் அளவும் மாறும். திறந்த திகதியைப் போத்திலில் எழுதுங்கள், எட்டுக் கிழமைக்கு மேல் வைக்கக் கூடாது. பெட்டிக்குள் இரண்டு அளவு சிரிஞ்ச் இருக்கும். உங்கள் மகனுக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 0.4 மில்லி அளவில்தான் வரும், அதைப் பெரிய சிரிஞ்சில் அளக்கப் பார்க்காதீர்கள், சின்னதை எடுங்கள். அத்தைக்கும் தண்ணீரை வைத்து இழுத்துக் காட்டிப் பழக்கிவிடுங்கள்.