படுத்தால் உள்ளே போகும் கட்டி: ஹேர்னியா ஒப்பரேசன் அனுபவங்கள்

எனக்கு வயது 54. உரும்பிராயில் தோட்டம் செய்கிறேன். இடது பக்கக் கவட்டில் கட்டி இருப்பதை முதலில் கண்டது கிணற்றடியில் குளிக்கும்போது. எலுமிச்சங்காய் அளவு இருக்கும். சோப் போட்ட கையால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. நோ இல்லை. இரவு படுத்தபோது அது இருந்த இடமே தெரியவில்லை. விடிய எழும்பி மருந்தடிக்கும் மெசினை முதுகில் போட்டதும் திரும்ப வந்தது.

இரண்டு வருடம் யாருக்கும் சொல்லவில்லை, மனுசிக்கும் கூட. அந்த இடத்தில் வருத்தம் என்று சொல்ல வெட்கம். ஓதம் என்று ஊர் கதைக்கும் என்ற பயம் வேறு. ஓதம் என்றால் விதைப்பையில் நீர் சேர்வது. ஹேர்னியா அப்படியில்லை, வயிற்றுச் சுவரில் பலமில்லாத ஓர் இடத்தால் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவது. எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான். ஆண்களில் ஏறத்தாழ 4 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது என்று பிறகு டொக்டர் சொன்னார். இவ்வளவு பேருக்கு வரும் ஒன்றையா இத்தனை நாள் ஒளித்து வைத்தேன் என்று இருந்தது.

போன வருடம் சுன்னாகம் சந்தைக்கு வெண்காய மூட்டை ஏற்றும்போது கட்டி இறுகி வெளியே நின்றுவிட்டது. அழுத்தியும் போகவில்லை. வியர்த்துக் கொட்டியது. லான்ட்மாஸ்ரர் பெட்டியில் முழங்காலை மடித்து அரை மணித்தியாலம் படுத்த பிறகுதான் மெல்ல உள்ளே போனது. படுத்துக் கிடந்த நேரமெல்லாம் சித்தப்பாவின் நினைவுதான். 1998இல் அவருக்கும் இப்படித்தான் இறுகியது. ஊரடங்கு நேரம், இரவு முழுக்க வாந்தி. விடிந்து கொண்டுபோய்ச் சேர்த்தபோது இரத்த ஓட்டம் நின்று குடல் கறுத்துவிட்டது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தப்பினார், ஆனால் பழைய சித்தப்பாவாக அவர் எழும்பவில்லை.

அன்றிரவே மனுசியிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை. "நாளைக்கே போவம்" என்றாள்.

கிளினிக்கில் டொக்டர் படுக்கச் சொல்லவில்லை. "அண்ணை, நிண்டபடி ஒருக்கா இருமுங்கோ" என்றார். இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். வலது பக்கத்திலும் சின்னதாகத் தொடங்கியிருக்கிறது என்றார். எனக்கு அது புதுச் செய்தி. இரண்டு பக்கமும் இருப்பதால் கமரா விட்டுச் செய்வது நல்லது, அதே மூன்று துளையால் இரண்டையும் சரிப்படுத்தலாம் என்றார். தொப்புளுக்குப் பக்கத்தில் 10 மில்லிமீற்றர் அளவில் ஒன்று, கீழே 5 மில்லிமீற்றரில் இரண்டு. காபனீரொட்சைட்டு வாயுவை விட்டு உள்ளே இடம் எடுத்து, கமராவில் பார்த்துக்கொண்டு, வெளியே வந்ததை உள்ளே இழுத்துவிட்டு, ஓட்டையின் உள்பக்கமாக வலை வைப்பார்களாம். பொலிப்புரோப்பிலீன் வலை, பக்கத்துக்கு ஒன்று, 15 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம்.

எனக்கு அது உடனே விளங்கியது. வேலியில் பொட்டு விழுந்தால் வெளிப்பக்கம் ஓலை கட்டினால் மாடு முட்டித் தள்ளிவிடும். உள்பக்கம் கட்டினால் மாடு முட்டமுட்ட ஓலை வேலியோடு இறுகும். வயிறு தள்ளும் தள்ளே வலையை இடத்தில் வைத்திருக்கிறது.

இரத்தம், ஈசிஜி, நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தார்கள். இந்த முறைக்கு முழு மயக்கம் வேண்டும் என்பதால் மயக்க மருந்து டொக்டரும் பார்த்தார். நாளுக்கு நாலு சுருட்டு என்று சொன்னதும் பேனையை வைத்துவிட்டார். இப்போதே விடச் சொன்னார். சுருட்டு இருமலைத் தரும், ஒவ்வொரு இருமலும் தைத்த இடத்தைத் தள்ளும். விட்டேன். அந்த ஒரு மாதம் ஒப்பரேசனை விடக் கடினம்.

ஒப்பரேசன் ஒன்றரை மணித்தியாலம். கண் விழித்தபோது வயிற்றை விடத் தோள்மூட்டில்தான் கூட நோ. வெட்டியது கீழே, நோவது மேலே என்று பயந்துபோனேன். வயிற்றுக்குள் விட்ட வாயுவின் வேலை அது, எழும்பி நடங்கோ என்றார் மிஸ்ஸி. வாட்டின் ஓரமாக யன்னலைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். இரண்டு நாளில் தோள் விட்டது. அடுத்த நாளே வீடு.

ஐந்தாம் நாள் காலையில் இடது பக்கம் அதே இடத்தில் வீக்கம். வலை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். ஓட்டோ பிடித்து ஓடினால், டொக்டர் இரும வைத்துப் பார்த்துவிட்டு, பழைய குழியில் நீர் தேங்கியிருக்கிறது, ஊசி போட்டு எடுக்க வேண்டாம், தானாக வற்றும் என்றார். ஆறு கிழமையில் வற்றியது. விதைப்பை நீலம் பாரித்ததும் அப்படியே மாறியது. இந்த இரண்டையும் முன்னமே யாராவது சொல்லியிருந்தால் அந்தக் காலைநேரப் பயம் இருந்திருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டில் மாமி பத்தியம் வைத்தா. பூசணிக்காய் தின்றால் சீழ் பிடிக்கும் என்றா. டொக்டர் அப்படி ஒன்றும் இல்லை, முக்காமல் மலம் போவதுதான் முக்கியம் என்றார். பப்பாசிப்பழம், முருங்கையிலை, நிறையத் தண்ணீர்.

தோட்டக்காரருக்கு ஒரு விசயம். வெளியே புண் ஒரு கிழமையில் ஆறிவிடும். அதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று நம்பிவிடுவோம். எனக்கு ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது என்றார்கள், நிறைந்த ஒரு வாளித் தண்ணீர்கூட. நடுகை முழுவதையும் மச்சான்தான் பார்த்தார். வரம்பில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்.

பதில், சாவகச்சேரியிலிருந்து:

அண்ணை எழுதியது கவட்டு ஹேர்னியா. எனக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு தொப்புளில். சீலை கட்டினால் மேடாகத் தெரியும். கலியாண வீடுகளில் "மூண்டாவதோ" என்று கேட்பார்கள். அதற்காகவே இரண்டு வருடம் கொண்டாட்டங்களுக்குப் போகவில்லை. டொக்டர் முதலில் உடம்பைக் குறைக்கச் சொன்னார், 8 கிலோ குறைத்த பிறகுதான் திகதி. துளை சின்னன் என்றால் நோவும் சின்னன் என்று நினைக்காதேயுங்கோ. எனக்கு வலையை வயிற்றுச் சுவரோடு பல இடத்தில் பொருத்தினார்கள், முதல் மூன்று நாளும் திரும்பிப் படுக்கவே கஷ்டம். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். எனக்கு அது பெரிய உதவி. இப்போது எட்டு மாதம், நோ இல்லை. போன மாதம் தங்கச்சி மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போனேன்.

பதில், காரைநகரிலிருந்து:

அப்பாவுக்கு 76, இதயம் பலமில்லை. முழு மயக்கம் கொடுக்க ஏலாது என்று, முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்து, கவட்டில் நேரே வெட்டி வலை வைத்தார்கள். துளை முறை கிடைக்கவில்லையே என்று வீட்டில் எல்லோருக்கும் மனவருத்தம். மூன்றாம் நாள் அவர் கோயிலுக்கு நடந்தார். எல்லோருக்கும் ஒரே முறை சரிவராது என்று அப்போதுதான் விளங்கியது.

உரும்பிராயிலிருந்து மீண்டும்:

காசைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் செய்தது அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒப்பரேசனுக்குக் காசில்லை, நாலு மாதம் காத்திருந்தேன். காத்திருக்கும்போது கட்டி இறுகி, நொந்து, உள்ளே போகாமல் நின்றாலோ, வாந்தி வந்தாலோ திகதியைப் பார்க்காதேயுங்கோ. அழுத்தி அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். அந்த நேரமே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ.

நேற்று எங்கள் தோட்டத்தில் புல்லுப் பிடுங்க வரும் பெடியன் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "அண்ணை, உங்களுக்கு வந்தது எப்பிடி இருந்தது" என்று கேட்டான். வயது 26. ஒரு வருடமாக வைத்திருக்கிறானாம், தாய்க்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.