ஸ்விஃப்ட் டீசல் மலை ரோட்டில் சாய்கிறது: ஸ்பிரிங் வெட்டலாமா, ஷாக் மாற்றலாமா?

ஆழியாறு_டீசல்:

2013 ஸ்விஃப்ட் விடிஐ, 92,000 கி.மீ. ஓடியிருக்கு. சஸ்பென்ஷன்ல எல்லாமே வாங்கினப்ப இருந்த பார்ட்ஸ்தான். டயர் 165/80 ஆர்14, 5 இன்ச் ஸ்டீல் ரிம். மாசம் ரெண்டு தடவை ஆழியாறு – வால்பாறை. அந்த 40 கொண்டை ஊசியிலும் மூக்கு வெளிய தள்ளுது, ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிச்சாத்தான் உள்ள வருது. பாடி நல்லா சாயுது. பைபாஸ்ல 100-ல போகும்போது பாலத்து ஜாயின்ட் ஏறினா பின்பக்கம் ரெண்டு மூணு ஆட்டம் ஆடிட்டுத்தான் அடங்குது.

மெக்கானிக் ரெண்டு வழி சொல்றார். ஒண்ணு, முன் ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டறது. இன்னொண்ணு, சுருளுக்கு நடுவுல ரப்பர் பஃபர் சொருகறது. நெட்ல பாத்தா லோயரிங் ஸ்பிரிங் (காரை இறக்கற ஸ்பிரிங்), காயில்ஓவர் (உயரம் மாத்தற ஸ்பிரிங்-ஷாக் செட்), ஸ்ட்ரட் பார் (முன் ஸ்ட்ரட் ரெண்டோட மேல் முனையை இணைக்கற கம்பி)னு போயிட்டே இருக்கு. பட்ஜெட் 45,000. பின்சீட்ல அப்பா அம்மா வருவாங்க, அவங்க முதுகு தாங்கணும். எதை முதல்ல செய்யலாம்?

லோயர்ஆர்ம்:

ரெண்டும் வேண்டாங்க. நீங்க சொல்ற மூணு குறையில ஒண்ணு கூட ஸ்பிரிங் மெலிசா இருக்கறதால வந்ததில்லை.

பாலத்து ஜாயின்ட்ல ரெண்டு மூணு ஆட்டம்னா பின் ஷாக் போயிடுச்சு. நல்ல ஷாக் ஒரு தடவை அமுங்கி, ஏறி, அப்படியே நின்னுடும். ஸ்பிரிங் காரைத் தாங்கறதுக்கு, ஷாக் ஸ்பிரிங்கை அடக்கறதுக்கு. அடக்கறவன் செத்துக் கிடக்கும்போது ஸ்பிரிங்கை இன்னும் முறுக்கினா ஆட்டம் கூடத்தான் செய்யும்.

வெட்டினா என்ன ஆகும்னா, வேலை செய்யற சுத்து 5 இருந்தது 4 ஆகும், விறைப்பு 25 சதவீதம் ஏறும். இதைத்தான் "டைட் ஆயிடுச்சு"ன்னு சொல்வாங்க. ஆனா உயரம் குறைஞ்சதால ஷாக் ராடு எப்பவும் பாதி அமுங்கின நிலையில நிக்கும். மேல போக இடம் கம்மி, சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்ல (ஷாக் முழுசா அமுங்காம தடுக்கற ரப்பர்) இடிக்கும். வளைவு நடுவுல பம்ப் ஸ்டாப்ல போய் உட்கார்ந்தா அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான். பாரம் சட்டுனு டயர் மேல ஏறும், பிடி விடும், மூக்கு இப்பத் தள்ளறதைவிட அதிகமாத் தள்ளும். கேஸ் கட்டிங்ல வெட்டினா சூடு பட்ட இடத்துல கம்பியோட பதம் போயிடும், பின்னாடி அங்கேயே ஒடியலாம். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் லூசாகி சீட்டை விட்டு நகரும், இறக்கும்போது தப்பான இடத்துல உட்காரும்.

ரப்பர் பஃபரும் அதே கதைதான், கொஞ்சம் மெதுவா. சொருகின இடத்துல ரெண்டு சுத்து அசையாது, மத்த சுத்துக்கு வேலை அதிகம். உயரம் ஏறும், விறைப்பு ஏறும், அடக்கறதுக்கு மட்டும் ஆள் இல்லை.

முதல்ல ஒரு மணி நேரம் குழியில விட்டுப் பாருங்க. ஷாக் உடம்புல எண்ணெய் ஈரமும் அது மேல மண்ணும் ஒட்டியிருக்கா (லேசான பனி மாதிரி மட்டும் இருந்தா அது கணக்கில்லை, வழிஞ்சிருக்கணும்). லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோட இணைக்கற கீழ்க் கை) பின் புஷ்ல (ரப்பர் மூட்டு) கம்பி விட்டு நெம்பினா ரப்பர் வாய் பிளக்குதா. சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் இருந்தா பால் ஜாயின்ட் இல்லைன்னா பேரிங். இடது வலது பிடிச்சு ஆட்டினா ஆட்டம் இருந்தா டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கற கம்பி) எண்டு இல்லைன்னா ராக் எண்டு. ஒருத்தர் வண்டி நின்னபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், இன்னொருத்தர் முன் ஸ்பிரிங் மேல கை வைக்கட்டும். ஸ்பிரிங் மெதுவாத் திரும்பாம அடைச்சு வெச்சு "டொங்"னு எகிறினா ஸ்ட்ரட் பேரிங் (ஸ்ட்ரட்டோட மேல் முனையில இருக்கற பேரிங்) போச்சு. வளைவு முடிஞ்சும் ஸ்டீயரிங் தானா நேராகலைன்னா அதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்.

ஸ்ட்ரட்_டாப்:

லோயர்ஆர்ம் சொன்னதோட லோயரிங் ஸ்பிரிங் பத்தி ஒண்ணு சேர்க்கறேன். "இறக்கினா சாயாது" என்பது எல்லாரும் நம்பறது. மாக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்கற முன் சஸ்பென்ஷன், உங்க ஸ்விஃப்ட்லயும் இதுதான்) உள்ள காருல அது ஒரு அளவுக்கு மேல தலைகீழா ஆயிடும்.

கம்பெனி உயரத்துல லோயர் ஆர்ம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையா, இல்லைன்னா சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்கும். காரை 40 மி.மீ. இறக்கினா சக்கரப் பக்கம் மேல, சேஸிஸ் பக்கம் கீழன்னு கோணம் மாறிடும். எடைமையம் 40 மி.மீ.தான் இறங்குது. பாடி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ, அந்தப் புள்ளி அதைவிட அதிகமா இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம்தான் பாடியைச் சாய்க்கற நெம்புகோல். அது நீளமாயிடுது. புது ஸ்பிரிங்கோட கூடுதல் விறைப்பு பாதி இதைச் சமாளிக்கவே செலவாகும். டை ராடு கோணமும் மாறுதில்லையா, அதனால பள்ளத்துல ஏறி இறங்கும்போது சக்கரம் தானா லேசாத் திரும்பும். மலை ரோட்டுல கை ஓயாம திருத்திட்டே இருக்கணும்.

வால்பாறை ரோட்டுக்கு 170 மி.மீ. கிளியரன்ஸை விட்டுக்கொடுக்கறதே எனக்குச் சரியாப் படலை. அப்படியும் இறக்கித்தான் ஆகணும்னா 20, 25 மி.மீ.யோட நிறுத்துங்க.

சந்தையில "ஹெவி ஸ்பிரிங்"னு விக்கறதையும் யோசிச்சு வாங்குங்க. விறைப்பு கம்பித் தடிமனோட நாலாவது அடுக்குல ஏறும். சுத்தும் அகலமும் மாறாம கம்பி மட்டும் 11-ல இருந்து 12 மி.மீ. ஆனா விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல கூடும். கண்ணுக்கு ஒரு மி.மீ., பின்சீட்டுக்கு மாட்டுவண்டி. பழைய ஷாக்கால அதை அடக்கவும் முடியாது.

காயில்ஓவர் இந்த பட்ஜெட்ல வேண்டாம். மலிவான செட்டுல உயரம் மாத்தலாம், அதுக்குமேல ஒண்ணும் கிடைக்காது. ஸ்ட்ரட் பார் பானட்டைத் திறந்து காட்ட அழகா இருக்கும்.

ஆழியாறு_டீசல்:

குழியில விட்டுப் பாத்தாச்சு. வலது முன் ஷாக் வழிஞ்சிருக்கு, பின்னாடி ரெண்டுமே ஈரம். லோயர் ஆர்ம் பின் புஷ் ரெண்டு பக்கமும் விரிசல். இடது ஸ்ட்ரட் பேரிங் சத்தம் போடுது. பால் ஜாயின்ட், டை ராடு ஓகே. முன் டயர் ரெண்டும் வெளி ஓரம் தேஞ்சு, தடவினா ரம்பம் மாதிரி ஒரு பக்கம் குத்துது. ஷாக் எந்த வகை வாங்கறது? டயர் 195 போட்டா நல்லா பிடிக்குமா?

லோயர்ஆர்ம்:

ஒரு பக்கம் குத்துதுன்னா டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்கற அளவு) தப்பு. வெளி ஓரம் தேயறதுக்கு அதோட மலை வளைவும் சேர்ந்திருக்கு.

ஷாக் நாலும் மாத்துங்க. ஒண்ணு மட்டும் புதுசு போடறது பழைய செருப்போட புது செருப்பு ஜோடி சேர்க்கற மாதிரி. கம்பெனி உயரத்துலயே இருக்கப் போறீங்க, அதனால கம்பெனி நீளம் உள்ள ஷாக்தான் வேணும். பில்ஸ்டீன்ல பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின ஸ்பிரிங்குக்காகச் சுருக்கினது. மாத்தி வாங்கிட்டா பள்ளத்துல சக்கரம் முழுசாத் தொங்காது. கேஒய்பி மாதிரி இரட்டைக் குழாய் கேஸ் ஷாக் உங்க உபயோகத்துக்குத் தாராளம். எந்தப் பிராண்டானாலும் உங்க வருஷம், டீசல் வேரியன்ட் ரெண்டையும் சொல்லி பார்ட் நம்பர் ஒப்பிடுங்க. டீசல் இன்ஜின் கனம் வேற, பெட்ரோல் செட்டு சரிப்படாது.

ஷாக்கோட சேர்த்து வாங்க வேண்டியது: முன்னாடி ஸ்ட்ரட் மவுன்ட் 2, பேரிங் 2, பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் பூட்டும் 4 பக்கத்துக்கும், ஸ்டெபிலைசர் (பாடி சாயறதைக் குறைக்கற கம்பி) லிங்க் 2, ஸ்டெபிலைசர் டி புஷ் 2, லோயர் ஆர்ம் 2. ஆர்மை அப்படியே முழுசா வாங்குங்க, புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் அதோட வரும். பழைய ஆர்ம்ல புஷ் மட்டும் பிரஸ் பண்ணும்போது கோணம் தப்பினா மறுபடி கிழியும். எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழட்டப் போறீங்க. 200 ரூபாய் பம்ப் ஸ்டாப்பை விட்டுட்டு அதுக்காக இன்னொரு தடவை லேபர் கொடுக்காதீங்க.

ரிம்_அளவு:

டயர் கணக்கு நான் சொல்றேன். உங்க 165/80 ஆர்14-ஓட வெளி விட்டம் சுமார் 620 மி.மீ. அதே 5 இன்ச் ரிம்முல 185/70 ஆர்14 உட்காரும், விட்டம் 615. ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள்ள. சைடுவால் 132 மி.மீ.ல இருந்து 130 ஆகும், பெரிசா மாறாது, ஆனா அகலம் 20 மி.மீ. கூடும். 185/65 ஆர்15-ன்னா விட்டம் 621.5, சைடுவால் 120. இதுதான் மேல் வேரியன்ட்ல கம்பெனியே கொடுத்த அளவு. பழைய ஆர்15 ரிம் செட்டு கிடைச்சா நான் இதைத்தான் எடுப்பேன். 195-ஐ 5 இன்ச் ரிம்முல திணிக்காதீங்க. அதுக்குக் குறைஞ்சது 5.5 வேணும். ரிம் குறுகலா இருந்தா டயர் பலூன் மாதிரி உப்பும், வளைவுல சைடுவால் மடங்கும், ஸ்டீயரிங் ஒரு நொடி தாமதமாக் கேக்கும். அகலம் கூட்டியும் பயன் இல்லை.

லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கற எடைக்கான எண்) பழைய 85-க்குக் கீழ போகக் கூடாது. காத்து அளவை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க, மலை இறங்கி வந்த சூட்டுல பாத்துக் குறைச்சிடாதீங்க.

இன்னொண்ணு. ஆர்சி விவரத்தோட ஒத்துப்போகாத மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்குது. கம்பெனி அளவு டயரும் கம்பெனி உயர ஷாக்கும் மாத்தறதுல அந்தத் தலைவலி இல்லை. உயரத்தை மாத்தற கிட்டுன்னா இன்சூரன்ஸ்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்பேனர்_17:

மாட்டற விதத்துலதான் பாதி செட்டு வீணாப் போகுது. பக்கத்துல நின்னு பாக்கறதா இருந்தா இதையெல்லாம் கவனிங்க.

முந்தின நாள் ராத்திரியே நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கற இரும்பு) போல்ட், லிங்க் நட்டுல துரு எண்ணெய் அடிச்சு வைக்கச் சொல்லுங்க. ஸ்ட்ரட் நக்கிளைப் பிடிக்கற ரெண்டு போல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி பெயின்ட்ல அடையாளம் போடணும். ஓட்டையில இருக்கற சின்ன இடைவெளிதான் கேம்பரை (முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் சாஞ்சு நிக்கற கோணம்) மாத்தும். போல்ட் எடுத்ததும் நக்கிளை வெளிப்பக்கம் சாய விடாம கம்பியால கட்டணும். விட்டா டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட் பிதுங்கும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

நடு நட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் கம்ப்ரசர் ரெண்டு பக்கமும் எதிரெதிராப் போட்டு, ஸ்பிரிங் சீட்டுல இருந்து லூசாகி கையால அசையணும். அதுக்கு முன்னாடி நட்டைக் கழட்டினா மவுன்ட் குண்டு மாதிரி வரும். புது ஷாக்கை நேரா நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுக்கணும். படுக்க வெச்சு வந்ததால உள்ள காத்து மாறியிருக்கும், இதைச் செய்யலைன்னா முதல் நாள்ல இருந்தே "டப் டப்"னு சத்தம். ராடு சுத்தாம இருக்க பிளையர் போட்டுப் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. பளபளன்னு இருக்கற அந்த ராடுல ஒரு கீறல் விழுந்தா, ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அது சீலை அறுக்கும், ஆறு மாசத்துல எண்ணெய் வழியும். மேல் முனையில ராடைப் பிடிக்கவே வழி கொடுத்திருப்பாங்க, அதுல பிடிச்சு ரிங் ஸ்பேனரால முடுக்கணும். இம்பாக்ட் கன் கூடாது. ஸ்பிரிங்கோட அடி முனை கீழ்ச் சீட்டுல உள்ள படியில ஒட்டி உட்கார்ந்திருக்கணும்.

பின்னாடி பீமுக்கு (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கற அச்சு) அடியில ஜாக்கி கொடுத்து, ரெண்டு ஷாக்கோட கீழ் போல்ட்டையும் எடுத்துட்டு பீமை மெதுவா இறக்கினாப் போதும். பிரேக் ஹோஸ் விறைக்கற வரைக்கும் இறக்கக் கூடாது.

நான் அழுத்திச் சொல்றது இது ஒண்ணுதான்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டையும் பின் ஷாக் கீழ் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது ஃபுல்லா முடுக்கக் கூடாது. புஷ்ஷுக்குள்ள இருக்கற இரும்புக் குழாய் ரப்பரோட ஒட்டினது, போல்ட்டை முடுக்கினதும் சேஸிஸோட இறுகிடும். தொங்கும்போது இறுக்கிட்டு காரைத் தரையில இறக்கினா, நின்ன இடத்துலயே ரப்பர் 15, 20 டிகிரி முறுகி நிக்கும். பள்ளத்துல விழும்போது இன்னும் முறுகும், கிழியும். "புது ஆர்ம் ஒரு வருஷம்கூட வரலை"ன்னு சொல்றதுல நிறைய இதுதான். கையால முடுக்கி விட்டு, காரை நாலு சக்கரத்துல குழி மேல நிறுத்தி, பம்பரை அமுக்கி ஆட்டி விட்டு, அப்புறம் டார்க் ரென்ச்சுல மேனுவல் அளவுக்கு முடுக்கணும்.

ஸ்ட்ரட்_டாப்:

அலைன்மென்ட் அன்னிக்கே ஒரு தடவை, 500 கி.மீ. கழிச்சு இன்னொரு தடவை. "ஓகே சார், பச்சை வந்துடுச்சு"ன்னா (மெஷின் திரையில சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்பு) விடாதீங்க, பிரின்ட் கேளுங்க. முன் டோ பூஜ்யத்துல இருந்து மொத்தம் 2 மி.மீ. உள்நோக்குக்குள்ள, இடது வலது சமமா. கேம்பருக்கு நக்கிள் மேல் போல்ட்டுக்குப் பதிலா கேம்பர் போல்ட் போட்டு ரெண்டு பக்கமும் மைனஸ் 1 டிகிரி வைக்கலாம். உங்க வெளி ஓரத் தேய்மானத்துக்கும் மூக்கு தள்ளறதுக்கும் இந்தப் பணத்துல இதைவிட நல்ல மருந்து இல்லை. கேம்பர் மாத்தினா டோ மாறும், அதனால கேம்பர் முதல்ல, டோ கடைசில.

இவ்வளவும் செஞ்ச பிறகும் தள்ளுதுன்னா பின் ஸ்டெபிலைசர் பார் பத்திப் பேசலாம். பின்பக்கத்தை விறைப்பாக்கினா முன் டயருக்கு வேலை குறையும், மூக்கு உள்ள வரும். ஆனா மழையில வளைவு நடுவுல ஆக்ஸிலரேட்டரை டக்குனு விட்டா வால் வீசும், உங்க காருல அதைப் பிடிக்க இஎஸ்பி (வண்டி சறுக்கினா தானா பிரேக் போட்டு நேராக்கற வசதி) கிடையாது. மலையில இறங்கும்போது எல்லாரும் செய்யறது அதுதானே. நான் போட மாட்டேன்.

ஆழியாறு_டீசல்:

ஷாக் 4, ஆர்ம் 2, மவுன்ட் செட், லிங்க், கேம்பர் போல்ட், 185/65 ஆர்15. ஸ்பிரிங் பழசே இருக்கட்டும். கடைசியா ஒண்ணு: பின் டோ சிவப்புல வந்தா?

ஸ்பேனர்_17:

பின்னாடி பீம், அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. சிவப்பு வந்தா முதல்ல ரிம் நெளிஞ்சிருக்கா, ஹப் பேரிங் ஆடுதா, பீம் புஷ் போயிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அதெல்லாம் சரியா இருந்து ஒரு பக்கம் மட்டும் தப்புன்னா பீம் அடி வாங்கியிருக்கு. நெம்பி நிமிர்த்தறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, மாத்தத்தான் வேணும். பழைய ஸ்பிரிங்கை வெளிய எடுக்கும்போது இடது வலது ரெண்டையும் பக்கத்துல நிறுத்தி உயரம் பாத்துடுங்க. 5 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா ஸ்பிரிங்கும் ஜோடியா மாத்தணும்.