இடையழைப்பு, நிலுவை, முந்துவரிசை: நிகழ்நேர இயங்குதளத்துக்குச் சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய கருவிகளில் ஓடும் நிகழ்நேர இயங்குதளத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் தேடுகிறோம். 'இன்டரப்ட்' (செயலி செய்துகொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்தி, வன்பொருள் வேறொரு வேலைக்கு அழைப்பது) என்பதற்கு என்ன சொல் என்று தொடங்கிய பேச்சு இப்போது 'ப்ரையாரிட்டி'யில் (எது முதலில் ஓட வேண்டும் என்பதில்) வந்து நிற்கிறது. நல்லதுதான். என் கணக்கில் முதல் சொல்லைவிட இரண்டாவதுதான் முக்கியம். முதல் சொல் கொஞ்சம் பிசகினால் படிப்பவருக்குப் படிக்க உறுத்தும், அவ்வளவுதான். இரண்டாவது பிசகினால் அவர் போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நடுவில் நின்றுபோகும். ஆனாலும் முதல் சொல்லை முடித்துவிட்டே அங்கே போகிறேன்.

இன்டரப்ட்டுக்குக் 'குறுக்கீடு' ஓரளவு நிலைத்துவிட்டது, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக நானும் நிலைத்த சொல்லின் பக்கம்தான். ஆனால் இயற்பியல் பாடத்தில் ஒளியலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிவது குறுக்கீட்டு விளைவு. மின்னணுவியலில் வெளியிலிருந்து இரைச்சல் வந்து கம்பியில் கலப்பதும் குறுக்கீடுதான். உட்பொதி அமைப்பில் (கருவிக்குள்ளேயே பொதிந்த சிறு கணினியில்) வேலை செய்பவருக்கு இந்த இரைச்சலும் இன்டரப்ட்டும் ஒரே போர்டில், ஒரே நொடியில் நடக்கும். "மோட்டாரின் குறுக்கீட்டால் பொத்தான் முனையில் பொய்க் குறுக்கீடு எழுகிறது" என்று எழுத வேண்டி வரும். வலிந்து கட்டிய வாக்கியம் இல்லை இது. மோட்டாருக்குப் பக்கத்தில் நீளமாக ஒயர் இழுத்த எந்தப் பொத்தானிலும் பார்க்கலாம். பிழை தேடும் ஆவணத்தில் காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது.

'இடைமறிப்பு' நடுவழியில் ஒன்றைப் பிடித்து நிறுத்துவது. ஏவுகணைக்கும் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கும் அது பொருந்தும். 'இடையூறு' வேண்டாத ஒன்று. இங்கே நாமே வேண்டிக் கேட்டு, அதற்கென்று பதிவகத்தில் (வன்பொருளின் சிறு சேமிப்பிடத்தில்) பிட் எழுதி, வரவழைக்கிறோம். ஆகவே 'இடையழைப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். செயற்கூறை (ஃபங்ஷனை) அழைப்பதும் 'அழைப்பு'தானே, குழம்பாதா என்ற கேள்வி வரும். குழம்பாது என்பதோடு, உள்ளே நடப்பதும் அதுவேதான். கார்டெக்ஸ்-எம் என்ற சிறு செயலி வகையில் இடையழைப்பு எழுந்ததும் வன்பொருளே ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் என எட்டுப் பதிவகங்களை ஸ்டாக்கில் (நினைவகத்தின் தற்காலிக அடுக்கில்) தள்ளுகிறது. சி மொழியில் ஒரு செயற்கூறை அழைக்கும்போது எவை அழியலாம் என்று விதி இருக்கிறதோ, அவற்றை ஒட்டியே இந்தத் தேர்வு. அதனால்தான் அந்தச் செயலியில், இடையழைப்பு வந்ததும் ஓடும் நிரலான கையாளியைச் சாதாரண சி செயற்கூறாக எழுத முடிகிறது. அழைப்பது நம் நிரல் இல்லை, வன்பொருள். அதுவும் வேறு வேலைக்கு இடையில். 'இடை' அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. கையாளி என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது 'மாஸ்க்' (இடையழைப்பைத் தற்காலிகமாகத் தடுப்பது), 'பென்டிங்' (வந்தும் இன்னும் கவனிக்கப்படாமல் நிற்பது) இரண்டும். இவற்றுக்கு 'மறைத்தல்', 'காத்திருப்பு' என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. 'காத்திருப்பு' வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் பணிகள்தாம் காத்திருக்கும். ஒரு பணி (இயங்குதளம் மாற்றி மாற்றி ஓட்டும் நிரல்களில் ஒன்று) செமஃபோர் என்ற அனுமதிக் குறிக்குக் காத்திருப்பதும் இதுவும் வேறு. 'மறைத்தல்' என்றால் வந்ததே தெரியாமல் போய்விட்டது என்று படிப்பவர் நினைப்பார். உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு பைட்டைப் பின்தொடர்ந்து பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும்.

கார்டெக்ஸ்-எம்4 செயலி உள்ள எஸ்டிஎம்32எஃப்4 போர்டு ஒன்றில் சீரியல் இணைப்பு 115200 பாட் (நொடிக்கு 115200 பிட்) வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்துப் பத்து பிட். ஆகவே ஏறக்குறைய 87 மைக்ரோ நொடிக்கு ஒரு பைட். பைட் முழுதாக வந்ததும் சீரியல் வன்பொருள் கொடி தூக்குகிறது. இடையழைப்புகளை நிர்வகிக்கும் என்விஐசி என்ற பகுதி அதற்குரிய பிட்டை 1 ஆக்கி வைக்கிறது. வழி திறந்திருந்தால், நினைவகம் காக்க வைக்காத பட்சத்தில், 12 கடிகாரத் துடிப்புகளில் கையாளியின் முதல் கட்டளை ஓடத் தொடங்கும். 168 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 71 நானோ நொடி. ஆனால் அந்த நேரம் பார்த்து இயங்குதளம் தன் பட்டியல் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறது, இடையழைப்புகளை நிறுத்திவைத்திருக்கிறது. அந்த பிட் 1 ஆகவே நிற்கும். அழியாது, மறையாது. தடை நீங்கியதும் கையாளி ஓடும். அலுவலகத்தில் நாம் 'நிலுவை' என்று சொல்வது இதைத்தான். ஆக, மாஸ்க் செய்வது 'நிறுத்திவைத்தல்'. அப்படி நிற்பது 'நிலுவை'.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலுவை என்பது ஒரே ஒரு பிட். பாக்கி இருக்கிறது என்று சொல்லுமே தவிர எத்தனை பாக்கி என்று சொல்லாது. தடை 87 மைக்ரோ நொடியைத் தாண்டிவிட்டால் அடுத்த பைட் வந்து சேர்ந்துவிடும். முதல் பைட் பதிவகத்திலேயே இருப்பதால் புதியதற்கு இடமில்லை. ஓவர்ரன் பிழை எழும். புதிய பைட் போனது போனதுதான். கலைச்சொல் பட்டியலில் நிலுவைக்கு விளக்கம் எழுதும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது ப்ரையாரிட்டி.

எல்லோரும் 'முன்னுரிமை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அழகான, எல்லோருக்கும் தெரிந்த சொல், மறுப்பில்லை. ஆனால் கார்டெக்ஸ்-எம்4 மேல் ஃப்ரீஆர்டாஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் ஓடும்போது அங்கே இரண்டு அளவுகோல்கள் எதிரெதிராக நிற்கின்றன. பணிகளுக்கு 0 கடைசி. எண் கூடக்கூட முன்னுரிமை கூடும். இடையழைப்புகளுக்கு 0தான் எல்லாவற்றுக்கும் முன். எண் கூடக்கூடப் பின்னால் போகும். "சீரியல் இடையழைப்பின் முன்னுரிமையை உயர்த்துங்கள்" என்று ஒரு கையேட்டில் எழுதியிருந்தால் படிப்பவர் 5ஐ 6 ஆக்குவாரா, 4 ஆக்குவாரா? தமிழில் எண்ணை உயர்த்துவது என்றால் கூட்டுவதுதான். நாமே அவரைத் தவறான பக்கம் தள்ளுகிறோம்.

தவறினால் என்ன ஆகும்? ஃப்ரீஆர்டாஸில் ஓர் எல்லை எண் இருக்கிறது. அதன் நீண்ட பெயரில் 'மேக்ஸ் சிஸ்கால் இன்டரப்ட் ப்ரையாரிட்டி' என்று வரும். அதை 5 என்று வைத்தால், 5 முதல் 15 வரை உள்ள இடையழைப்புகள் மட்டுமே இயங்குதளத்தின் செயற்கூறுகளை அழைக்கலாம், அதிலும் பெயர் 'ஃப்ரம்ஐஎஸ்ஆர்' (கையாளியிலிருந்து) என்று முடிபவற்றை மட்டும். 0 முதல் 4 வரை உள்ளவற்றை இயங்குதளம் ஒருபோதும் நிறுத்திவைக்காது. பதிலுக்கு அவை இயங்குதளத்தைத் தொடக் கூடாது. மோட்டாரில் மிகை மின்னோட்டம் வந்தால் உடனே அணைக்கும் கையாளிக்கு 2 கொடுக்கலாம். சீரியலுக்கு 6. இந்த ஏற்பாடு மிக அருமையானது. ஆனால் சீரியலை 'உயர்த்துகிறேன்' என்று யாராவது 4 ஆக்கிவிட்டால், இயங்குதளம் பட்டியலை மாற்றிக்கொண்டிருக்கும் நடுவிலேயே அந்தக் கையாளி நுழைந்து அதே பட்டியலில் கை வைக்கும். பல மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும். கான்ஃபிக்அசெர்ட் சோதனையை இயக்கி வைத்திருந்தால் அங்கேயே நின்று காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணே கொடுக்காமல் விட்டாலும் இதே கதி, ஏனென்றால் ரீசெட் ஆனதும் எல்லா இடையழைப்புகளும் 0இல்தான் இருக்கும். ஃப்ரீஆர்டாஸ் ஆவணத்தில் இதற்கென்றே தனிப்பக்கம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள்.

அந்த 'மேக்ஸ்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 5 முதல் 15 வரை என்ற வரம்பில் 5 மிகச் சிறிய எண். அதற்குப் பெயர் மேக்ஸ். ஆங்கிலத்தில் படிப்பவரே தடுமாறும் இடத்தை நாம் அப்படியே 'உச்ச முன்னுரிமை' என்று கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை இது. எண் சிறியதாக இருப்பது முன்னால் போகும் அளவுகோலுக்கு 'முந்துவரிசை' என்று பெயர் வைப்போம். எண் பெரியதாக இருப்பது முன்னால் போகும் அளவுகோலுக்கு மட்டும் 'முன்னுரிமை' இருக்கட்டும். டாக்டரிடம் டோக்கன் 3 உள்ளவர் 7 உள்ளவருக்கு முன்னால் போவார் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். முந்துவரிசை 3 என்றதும் திசை கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு நடைமுறை: முந்துவரிசையோடு உயர், தாழ், கூட்டு, குறை என்ற சொற்களைச் சேர்க்கவே கூடாது. முன்னே நகர்த்து, பின்னே நகர்த்து, இவ்வளவுதான். "சீரியலை முந்துவரிசை 6இலிருந்து 5க்கு முன்னே நகர்த்தலாம், 4க்குப் போகக் கூடாது" என்று எழுதினால் பிழைக்கு இடமே இல்லை. எல்லை எண்ணுக்கு 'தொடக்க வரிசை' என்று வைப்போம். தொடக்க வரிசை 5 என்றால் 5 முதல் கடைசி வரை. இந்த 'முதல்', 'வரை' நம் மொழியில் தயாராக இருக்கும்போது மேக்ஸ் எதற்கு?

இந்தச் சொல் வேறு சில இடங்களிலும் உதவுகிறது. ஹார்ட்ஃபால்ட்டுக்கு (கடும் பிழைக்கு) -1, என்எம்ஐக்கு (நிறுத்திவைக்க முடியாத இடையழைப்புக்கு) -2, ரீசெட்டுக்கு -3 என்று நிலையான எண்கள் உண்டு. முன்னுரிமை மைனஸ் 2 என்றால் ஏதோ கடைசியில் கிடப்பதுபோல் தோன்றும். முந்துவரிசை மைனஸ் 2 என்றால் பூச்சியத்துக்கும் முன்னால். பேஸ்ப்ரை பதிவகத்தில் ஓர் எண்ணை எழுதினால் அந்த வரிசையும் அதற்குப் பின்னால் உள்ளவையும் நிறுத்திவைக்கப்படும். 0 எழுதினால் தடையே இல்லை என்று பொருள். அதனால்தான் தொடக்க வரிசையாக 0 வைக்கக் கூடாது.

இதற்கு வந்த, வரக்கூடிய தடைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்ற விதி உடைகிறதே என்பது முதலாவது. உடையட்டும். நாம் பெயர் வைப்பது பொருளுக்கு; ஆங்கிலச் சொல்லுக்கு இல்லை. இரண்டு எதிரெதிர் அளவுகோல்களுக்கு ஆங்கிலம் ஒரே பெயர் வைத்திருப்பது அதன் வரலாறு.

இரண்டாவது கனமான தடை: பணிக்கு முன்னுரிமை, இடையழைப்புக்கு முந்துவரிசை என்று பிரித்தால் வேறு தளங்களில் தவறிவிடும் என்பது. மிகச் சரி. ஸெஃபிர் என்ற இன்னொரு நிகழ்நேர இயங்குதளத்தில் பணி இழைகளுக்கே சிறிய எண்தான் முன்னால். மைனஸ் எண்களும் உண்டு. த்ரெட்எக்ஸ், விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளங்களிலும் 0தான் முதல். மறுபக்கம், ரிஸ்க்-வி செயலிகளின் பிஎல்ஐசி என்ற இடையழைப்பு நிர்வாகப் பகுதியில் இடையழைப்புக்குப் பெரிய எண்தான் முன்னால், 0 என்றால் எழவே எழாது. ஆகவேதான் பணியா இடையழைப்பா என்று பார்த்துப் பெயர் வைக்காமல், எண் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்து வைக்கச் சொல்கிறேன். ஸெஃபிர் இழைக்கு முந்துவரிசை. பிஎல்ஐசி இடையழைப்புக்கு முன்னுரிமை. மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை நின்று திசையைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்த உழைப்பை அவர் செய்துவிட்டால் படிப்பவர்கள் அத்தனை பேரும் தப்பிக்கிறார்கள்.

மூன்றாவது, க்யூவையும் பலர் வரிசை என்றே எழுதுகிறார்கள். உண்மை. ஃப்ரீஆர்டாஸில் க்யூ அன்றாடப் பொருள். அதனால்தான் வெறும் 'வரிசை எண்' என்று நிறுத்தாமல் 'முந்து' சேர்த்தேன். க்யூவுக்குச் செய்தி வரிசை என்று அடைமொழியோடு எழுதினால் போதும். முந்து என்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது: ப்ரீஎம்ப்ட் செய்வதற்கு (ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு முன்னே புகுவதற்கு) 'முந்துதல்' அப்படியே பொருந்துகிறது. முந்துவரிசை 2 ஓடிக்கொண்டிருக்கும் 6ஐ முந்தும். ஒரே வரிசையில் உள்ள இரண்டு ஒன்றையொன்று முந்தாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எழுதும்போது தடுக்கும். எஸ்டிஎம்32எஃப்4இல் முந்துவரிசைக்கு எட்டு பிட்டில் மேல் நான்கு மட்டுமே உண்டு, பதினாறு நிலைகள். அதனால் வரிசை 5, பதிவகத்தில் 80 (5 × 16) ஆக உட்காரும். முதலாவதை 'வரிசை' என்றும் இரண்டாவதைப் 'பதிவக மதிப்பு' என்றும் எழுதுவோம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட வேண்டாம். கார்டெக்ஸ்-எம்0இல் இரண்டே பிட், நான்கு நிலைகள், பேஸ்ப்ரையும் கிடையாது. அங்கே ஃப்ரீஆர்டாஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவைக்கும். ஆகவே அங்கே 'தொடக்க வரிசை' என்ற பேச்சே எழாது.

மற்றவை வேகமாக. லேட்டன்ஸிக்கு (இடையழைப்பு எழுவதற்கும் கையாளி ஓடத் தொடங்குவதற்கும் இடையிலான தாமதத்துக்கு) 'சுணக்கம்' போதும், நன்றாகவே இருக்கிறது. கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குக் (நடுவில் வேறெதுவும் நுழையக் கூடாத நிரல் பகுதிக்கு) 'காப்புப் பகுதி'. நெருக்கடிப் பகுதி என்றால் அங்கே ஏதோ ஆபத்து என்று படும், உண்மையில் அது பாதுகாத்து வைத்த பகுதி. டெய்ல்-செயினிங்கை 'வால்சங்கிலி' என்று எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. ஒரு கையாளி முடிந்ததும், நிலுவையில் இன்னொன்று இருந்தால், ஸ்டாக்கிலிருந்து எடுத்து மீண்டும் தள்ளும் வேலையைத் தவிர்த்துவிட்டு நேராக அடுத்ததில் நுழைவது அது. எம்3, எம்4இல் ஆறு துடிப்புதான். 'தொடர்நுழைவு' என்று வைக்கலாம்.

ஜிட்டருக்கு 'நடுக்கம்' என்பதா, 'சுணக்க வேறுபாடு' என்பதா என்று நான் முடிவு செய்யவில்லை. முன்னது சுருக்கம், பின்னது தெளிவு. டைமர் கையாளி ஒவ்வொரு முறையும் சில துடிப்புகள் முன்பின்னாகத் தொடங்குவதை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு முழு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள், அதை வைத்துத் தேர்வு செய்வோம்.